மிரெல்லா ஃப்ரேனியின் குரலும் மேடையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வசனத்தையும் பாட்டாகவே பாடும் இசை நாடகமான இத்தாலிய ஓபராவை இப்போதுதான் கேட்கத் தொடங்கியிருக்கும் நண்பர்களிடம் இத்தாலியப் பாடகி மிரெல்லா ஃப்ரேனியின் பெயரைச் சொன்னால் போதும், வரிசையாகக் கேள்விகள் வரும். அவற்றை ஓரிடத்தில் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேடையில் அவர் பெரிதாக ஏதோ செய்கிறார் என்றே தோன்றாது. ஆனால் ஒரு சொல்லை எப்போது விடுவது, எங்கே மூச்சு வாங்குவது, எங்கே குரலைத் தாழ்த்துவது என்ற கணக்கிலேயே உயிருள்ள ஒரு பெண்ணை நம் முன்னால் நிறுத்திவிடுவார். எதைப் பாடக் கூடாது என்பதிலும் அவருக்கு அதே தெளிவு இருந்தது. 50 வருடம் அந்தக் குரல் நின்றதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

லிரிக் சோப்ரானோ என்பது எந்த மாதிரிக் குரல்?

பெண் குரல்களில் மிக மேலே போய்ப் பாடக்கூடியது சோப்ரானோ. அதற்குள் பல ரகம் உண்டு. வேகமான பிருகாக்களையும் உச்ச ஸ்வரங்களையும் அநாயாசமாகப் பாடுவது கொலரத்துரா. ஆர்கெஸ்ட்ராவின் முழு முழக்கத்தையும் தாண்டி ஒலிக்கும் கனத்த குரல் டிரமாட்டிக். லிரிக் இந்த இரண்டும் இல்லை. நீளமான வரியை அறுபடாமல் எடுத்துச் செல்வதும், குரலின் இதமும், நடு ஸ்தாயியில் இருக்கும் வளமான நிறமும்தான் அதன் பலம். லிரிக்குக்கும் டிரமாட்டிக்குக்கும் நடுவில் ஸ்பின்டோ என்று ஒரு வகை இருக்கிறது. அடிப்படையில் லிரிக்தான், ஆனால் தேவையான இடத்தில் உந்தி எழும்பும். ஃப்ரேனி லிரிக்காகத் தொடங்கி, மிகவும் நிதானமாக ஸ்பின்டோ பாத்திரங்கள் பக்கம் நகர்ந்தவர்.

இந்தக் குரலுக்கு இசையமைப்பாளர்கள் கொடுத்த பாத்திரங்களையும் கவனிக்க வேண்டும். ராணிகளும் சூனியக்காரிகளும் பழிவாங்கும் பெண்களும் பெரும்பாலும் மற்ற குரல்களுக்குப் போய்விடுவார்கள். லிரிக்குக்குக் கிடைப்பவர்கள் தையல் வேலை செய்கிறவள், கிராமத்துப் பெண், அடிமைப் பெண், ஏமாற்றப்பட்ட மனைவி. ஆர்ப்பாட்டமாகச் செய்ய இவர்களிடம் ஒன்றும் கிடையாது. அதனால்தான் இந்தப் பாத்திரங்களைத் தாங்கி நிற்பது கடினம்.

ஃப்ரேனியும் பவரோட்டியும் ஒரே பால் குடித்து வளர்ந்தவர்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். ஃப்ரேனி 1935 பிப்ரவரி 27 அன்று வட இத்தாலியில் மோதெனா நகரத்தில் பிறந்தார். அதே வருடம் அக்டோபரில் அதே ஊரில், பின்னாளில் புகழ்பெற்ற ஓபராப் பாடகரான லூச்சானோ பவரோட்டி பிறந்தார். இருவருடைய அம்மாக்களும் உள்ளூர்ப் புகையிலை ஆலையில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். நாளெல்லாம் புகையிலையோடு புழங்குகிறவர்களின் பால் குழந்தைகளுக்கு ஆகாது என்று, இரண்டு பிள்ளைகளையும் ஒரே செவிலித்தாயிடம் விட்டார்கள். பால் முழுவதும் யாருக்குப் போனது என்று ஆளைப் பார்த்தாலே தெரியுமே என்று ஃப்ரேனி பின்னாளில் வேடிக்கையாகச் சொல்வார்.

இது வெறும் சுவாரசியத்துக்காகச் சொல்லும் கதை இல்லை. இருவருமே மாந்துவா நகரத்து ஆசிரியர் எத்தோரே காம்போகல்லியானியிடம் பயின்றவர்கள். ஒரே ஊர்ப் பேச்சு, ஒரே வயது, ஒரே பள்ளி. அவர்கள் சேர்ந்து பாடும்போது, ஒருவர் எங்கே மூச்செடுப்பார் என்பது மற்றவருக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பது போலக் கேட்கும்.

சின்ன வயதிலேயே பாடத் தொடங்கிவிட்டாரா?

சிறுமியாக இருக்கும்போதே ஒரு வானொலிப் போட்டியில் 'மதாம பட்டர்ஃப்ளை' ஓபராவின் ஓர் ஆரியாவை, அதாவது தனிப்பாட்டை, பாடினார். அதைக் கேட்டவர் அந்தக் காலத்தின் பெரிய டெனர் (உயர்ந்த ஆண் குரல்) பாடகர் பெனியமீனோ ஜீலி. பாராட்டினார், கூடவே ஒரு எச்சரிக்கையும் செய்தார்: குரல் முதிரும்வரை பாடாதே, இப்போதே பாடினால் கெட்டுவிடும். சிறுமியும் கேட்டுக்கொண்டாள். 17 வயதில்தான் மறுபடியும் பாட்டுக்குத் திரும்பினார். நிறுத்தச் சொன்னால் நிறுத்துவது என்கிற பாடம் அத்தனை இளம் வயதிலேயே கிடைத்தது பெரிய கொடுப்பினை.

1955 மார்ச் 3 அன்று, 20 வயதில், சொந்த ஊரான மோதெனாவின் ஓபரா அரங்கிலேயே மேடையேறினார். பிஸேயின் 'கார்மென்' ஓபராவில் மிக்கயேலா என்ற கிராமத்துப் பெண் வேடம். அப்புறம் பியானோக் கலைஞர் லியோனே மஜேராவைத் திருமணம் செய்துகொண்டு, குழந்தைக்காகச் சில காலம் ஒதுங்கியிருந்தார். பெண் குழந்தைக்கு மிக்கயேலா என்றே பெயர் வைத்தார். 1960இல் இங்கிலாந்தின் கிளைண்ட்போர்ன் விழாவில் மொஸார்ட்டின் 'தோன் ஜொவான்னி'யில் செர்லீனாவாகப் பாடிய பிறகு வெளிநாட்டிலும் பெயர் பரவியது.

மைக் இல்லாமல் அவ்வளவு பெரிய அரங்கில் எப்படிக் கேட்கிறது?

நமக்கு மைக் வைத்த குரலே பழகிவிட்டதால் இந்தச் சந்தேகம் நியாயமானது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் சுமார் 3,800 பேர் உட்காரலாம். பாடகிக்கும் அவர்களுக்கும் நடுவில், மேடைக்கு முன்னால் உள்ள பள்ளத்தில், ஒரு முழு ஆர்கெஸ்ட்ரா வாசித்துக்கொண்டிருக்கும். கத்திப் பாடி அதை ஜெயிக்க முடியாது. கத்தினால் பத்து நாளில் தொண்டை போய்விடும்.

இதில் இருப்பது ஒலியின் கணக்கு. ஆர்கெஸ்ட்ராவின் ஓசை கீழ் அதிர்வெண்களில்தான் மிகவும் பலமாக இருக்கும். நொடிக்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று மேலே போகப் போக அது மெலியும். பயிற்சி பெற்ற குரல் தன் சக்தியை அந்த மெலிந்த இடத்தில் கொண்டுபோய் வைக்கிறது. சோப்ரானோ உச்சத்துக்குப் போகும்போது இன்னொன்றும் நடக்கிறது. தாடையை இறக்கி வாயைத் திறக்கும் அளவை மாற்றி, வாய்க்குழியின் எதிரொலிப்பைத் தான் பாடும் ஸ்வரத்தின் அதிர்வெண்ணோடு பொருத்திவிடுகிறார். அப்படிப் பொருந்தினால் குறைந்த முயற்சியிலேயே பெரிய ஒலி கிடைக்கும். மேலே போகப் போகப் பாடகியின் வாய் அகலமாகத் திறப்பது இதற்காகத்தான்.

ஃப்ரேனி சிறிய உருவம். குரலும் அளவில் பிரம்மாண்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒலி முகத்துக்கு முன்னால் வந்து நிற்கும், எங்கேயும் சிதறாது. மெல்லப் பாடினாலும் கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும்.

குரல் ஏன் நடுங்கிக்கொண்டே இருக்கிறது?

அது நடுக்கம் இல்லை, விப்ராட்டோ. தளர்வாக, சீராக மூச்சு போகும் குரலில் நொடிக்கு ஐந்திலிருந்து ஏழு முறை வரை இயல்பாகவே வரும் அலைவு அது. நம் காதுக்குக் கமகம் பழக்கம் என்பதால் இதையும் அப்படியே எடுத்துக்கொண்டு குழம்புகிறோம். கமகத்தைப் பாடகர் வேண்டுமென்றே, ராகத்துக்கு ஏற்றபடி செய்கிறார். விப்ராட்டோவோ குரலின் உடம்போடு ஒட்டியது, ஸ்வரத்தின் மையம் மாறாது. இளம் வயது ஃப்ரேனியிடம் இது மிகக் குறுகலாக, சீராக இருக்கும். இரண்டு நாள் தொடர்ந்து கேட்டால் காது பழகிவிடும்.

சொற்கள் ஏன் தெளிவாகப் புரிவதில்லை?

நமக்கு இத்தாலியம் தெரியாதது ஒரு காரணம். இத்தாலியருக்கே உச்ச ஸ்வரங்களில் சொல் பிடிபடாது. 'இ', 'உ' போன்ற உயிர்கள் காதில் தனித்துக் கேட்க வேண்டுமானால் வாய்க்குழியில் ஒரு தாழ்ந்த எதிரொலிப்பு தேவை. சோப்ரானோ பாடும் ஸ்வரமே அதைவிட மேலே இருந்தால் எல்லா உயிரும் 'ஆ' பக்கம் சாய்ந்துவிடும். இது எந்தப் பாடகிக்கும் விலக்கில்லாத விதி.

நடு ஸ்தாயியில் என்ன செய்கிறார் என்பதில்தான் பாடகிகள் வேறுபடுகிறார்கள். அங்கே ஃப்ரேனியின் உச்சரிப்பு, பக்கத்து வீட்டுப் பெண் பேசுவது போல அவ்வளவு இயல்பு. மெய்யெழுத்துகளைக் கடித்துத் துப்ப மாட்டார், விழுங்கவும் மாட்டார். முதலில் அது பேச்சு, பிறகுதான் பாட்டு. மேலே சொற்கள் கரைந்துபோகும்போதும் நமக்கு அர்த்தம் விட்டுப்போகாது. அதற்குள் அந்தப் பெண்ணின் மனநிலை நமக்குள் இறங்கிவிட்டிருக்கும்.

மிமி என்றாலே ஃப்ரேனி என்கிறார்கள். அப்படி என்ன செய்தார்?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பூச்சினியின் 'லா போயெம்' 1896 பிப்ரவரி 1 அன்று துரின் நகரத்தில் அரங்கேறியது. பாரிஸில் ஒரு மாடி அறையில் வாடகை கட்ட வழியில்லாத நான்கு இளைஞர்கள். அதில் கவிஞன் ரோதோல்ஃபோ. பக்கத்து அறையில் பூத்தையல் வேலை செய்து பிழைக்கும் மிமி, கையில் அணைந்த மெழுகுவத்தியோடு நெருப்பு கேட்டு வந்து கதவைத் தட்டுகிறாள். சாவியைத் தொலைக்கிறாள். இருட்டில் இருவரும் தேடும்போது கைகள் படுகின்றன. காதல் வருகிறது. பிறகு வறுமை, பிரிவு, அவளுடைய காசநோய், சாவு. இவ்வளவுதான் கதை.

முதல் அங்கத்தில் ரோதோல்ஃபோ தன்னைப் பற்றிப் பாடி முடித்ததும் அவளுடைய முறை. எல்லோரும் என்னை மிமி என்று கூப்பிடுவார்கள், என் பெயர் லூச்சியா என்று தொடங்குகிறாள். பட்டிலும் துணியிலும் பூ வேலை செய்கிறேன், தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறேன், சின்ன வெள்ளை அறை, ஜன்னலில் பார்த்தால் கூரைகளும் வானமும். இதுவரைக்கும் ஃப்ரேனி கிட்டத்தட்டப் பேசுகிறார். வரிகளை அழகாக்க முயலவே மாட்டார். அந்நிய ஆணிடம் தன்னைப் பற்றிச் சொல்லிப் பழக்கமில்லாத பெண், ஒவ்வொரு தகவலாக எடுத்து வைக்கிறாள். இடையிடையே சின்னச் சின்ன நிறுத்தங்கள்.

அப்புறம் அந்த வரி வருகிறது: பனி உருகும்போது முதல் சூரியன் எனக்குத்தான். ஆர்கெஸ்ட்ரா விரிகிறது, குரலும் விரிகிறது. பல பாடகிகள் இந்த இடத்தைத் தங்கள் குரலைக் காட்டும் இடமாக எடுத்துக்கொள்வார்கள், ஓங்கி அடிப்பார்கள். ஃப்ரேனி அடிக்க மாட்டார். முந்தைய வரியின் அதே மூச்சுப்போக்கிலேயே ஒலியைப் பெருக விடுகிறார், கடைசி உயிரெழுத்துவரை நிறம் மாறாமல். அந்தச் சூரியன் ஒன்றுதான் இவளுக்கு உடைமை என்பது அப்போது புரியும். உடனே, நான் தைக்கும் பூக்களுக்கு மணம் கிடையாது என்று குரலை இறக்கிக்கொள்கிறாள்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது அதற்கும் பின்னால் வரும் இரண்டு வரி. ஆரியாவின் இசை முடிந்துவிட்டது. என்னைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை, வேண்டாத நேரத்தில் வந்து தொந்தரவு செய்கிற பக்கத்து அறைக்காரி என்று படபடவென்று சொல்லி முடிக்கிறாள். மெட்டே கிடையாது, அநேகமாக ஒரே ஸ்வரத்தில் போகும் பேச்சு. இதைச் சும்மா ஒப்பித்துவிட்டுக் கைத்தட்டலுக்குக் காத்திருப்பவர்கள் உண்டு. ஃப்ரேனி அதைச் சொல்லும்போது, அதிகம் பேசிவிட்டோமோ என்று திடீரென்று உறைத்த பெண்ணின் அவசரம் அப்படியே கேட்கும். ஒரு பெரிய ஆரியாவைப் பாடி முடித்த பாடகி அங்கே இல்லை. கூச்சப்படும் ஒரு பெண் இருக்கிறாள்.

மூன்றாம் அங்கம் பாரிஸ் எல்லைச் சுங்கச்சாவடி, பனி பெய்யும் விடியற்காலை. பிரிந்துவிடலாம் என்று சொல்லிவிட்டு, அறையில் விட்டுவந்த சாமான்களைப் பட்டியல் போடுகிறாள்: மோதிரம், ஜெபப் புத்தகம், அவற்றை என் ஏப்ரனில் சுற்றி வை. தலையணைக்கு அடியில் ரோஜா நிறத் தொப்பி இருக்கிறது, வேண்டுமானால் ஞாபகமாக நீயே வைத்துக்கொள். இந்தப் பட்டியலைக் கண்ணீரில் நனைக்காமல் வீட்டுக் கணக்காகவே பாடுகிறார். தொப்பிக்கு வந்ததும் தாங்க முடியாமல் குரல் உச்சத்துக்கு எழுகிறது. பிறகு, மனக்கசப்பு இல்லாமல் போய்வருகிறேன் என்ற கடைசி வரியில் மறுபடியும் தன்னை அடக்கிக்கொள்கிறாள்.

நான்காம் அங்கத்தில் மற்றவர்கள் வெளியே போனதும், போய்விட்டார்களா, தூங்குவது போல் நடித்தேன் என்கிறாள். படிப்படியாகக் கீழே இறங்கும் வரி. சாகப்போகும் பெண்ணுக்கு இருமல், திணறல் என்று நடித்துக் காட்ட நிறைய வாய்ப்பு இருக்கிறது. ஃப்ரேனி எல்லாவற்றையும் குரலின் எடையைக் குறைப்பதிலேயே செய்துவிடுகிறார். ஸ்வரம் சுத்தமாக இருக்கும், வரி அறுபடாது, உடம்பில் சத்து போய்விட்டது மட்டும் தெரியும்.

1963இல் மிலானின் லா ஸ்காலா அரங்கில் ஹெர்பெர்ட் ஃபன் காராயன் ஆர்கெஸ்ட்ராவை நடத்த, ஃபிராங்கோ ஸெஃபிரெல்லி இயக்கிய 'லா போயெம்' நிகழ்ச்சியில்தான் இந்த மிமி உலகத்துக்கு முழுசாகத் தெரிந்தாள். அதைக் கேட்டுக் காராயன் கண் கலங்கினார் என்றும், அதற்கு முன் தன் தாய் இறந்தபோதுதான் அழுததாகச் சொன்னார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. 1965 செப்டம்பர் 29 அன்று மெட்ரோபாலிட்டனில் அவர் அறிமுகமானதும் மிமியாகத்தான்.

மேடையில் அவர் அதிகம் அசைவதே இல்லையே, இதை நடிப்பு என்று சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். ஓபரா நடிப்பில் நேரம் நடிகையின் கையில் இல்லை. நாடக நடிகை ஒரு வசனத்துக்கு முன் தனக்கு வேண்டிய அளவு மௌனம் எடுத்துக்கொள்ளலாம். பாடகிக்கு அந்த மௌனத்தின் நீளத்தையும் இசையமைப்பாளரே எழுதிக் கொடுத்துவிட்டார். எழுதப்பட்ட நேரத்தைத் தனக்கே தோன்றிய நேரமாக மாற்றிக் காட்ட வேண்டும். அதோடு காதலனைப் பார்ப்பது போல நின்றுகொண்டே ஓரக்கண்ணில் இசை நடத்துநரையும் பார்த்தாக வேண்டும்.

ஃப்ரேனியின் மேடைப் பலம் கேட்பதில் இருக்கிறது. முதல் அங்கத்தில் ரோதோல்ஃபோ பாடும் நாலைந்து நிமிடம் மிமிக்கு ஒரு ஸ்வரம்கூடக் கிடையாது. அந்த நேரத்தில் அடுத்து வரப்போகும் தன் ஆரியாவுக்காகத் தயாராகிக்கொண்டிருக்கும் பாடகிகளை நிறையப் பார்க்கலாம். கண் எங்கேயோ இருக்கும். ஃப்ரேனி அவன் சொல்வதைக் கேட்கிறார். அதனால் அவர் பாடத் தொடங்கும்போது அது அவனுக்குச் சொல்லும் பதிலாக இருக்கிறது. 1965இல் ஸெஃபிரெல்லியும் காராயனும் சேர்ந்து எடுத்த 'லா போயெம்' படத்தில் இதைப் பார்க்கலாம். பாட்டை முன்பே ஒலிப்பதிவு செய்துவிட்டு வாயசைத்து எடுத்த படம்தான். ஆனாலும் முகம் உண்மையானது.

லா ஸ்காலாவில் அவரைக் கூச்சல் போட்டு விரட்டினார்களாமே?

ஆமாம். 1964 டிசம்பரில் அங்கே வெர்தியின் 'லா திராவியாத்தா'. நடத்தியவர் காராயன், இயக்கியவர் ஸெஃபிரெல்லி. 1955இல் அதே மேடையில் அதே நாயகி வயலெட்டா வேடத்தைப் புகழ்பெற்ற சோப்ரானோ மரியா கல்லாஸ் செய்ததை மேல்மாடி ரசிகர்கள் மறக்கவில்லை. ஃப்ரேனிக்கு எதிராகச் சத்தம் கிளம்பியது. அடுத்த நிகழ்ச்சியில் அவருக்குப் பதிலாக அன்னா மொஃபோ பாடினார்.

வயலெட்டாவுக்கு முதல் அங்கத்தில் கொலரத்துராவின் வேகம் வேண்டும், அடுத்தடுத்த அங்கங்களில் லிரிக்கின் இதமும் ஸ்பின்டோவின் உந்துதலும் வேண்டும். ஃப்ரேனியின் குரலுக்கு முதல் அங்கம் அவ்வளவாகப் பொருந்தாது என்று சொன்னவர்கள் முழுக்கத் தப்பு சொல்லவில்லை. ஆனால் அன்று இரவு எழுந்த சத்தம் குரலைப் பற்றியது மட்டும் இல்லை. இன்னொருவரின் ஞாபகத்துக்காக ஒரு 29 வயதுப் பெண்ணைத் தண்டித்தார்கள். அவர் துவண்டுபோகவில்லை, அதே அரங்குக்குத் திரும்பிவந்து ஆண்டாண்டு காலம் பாடினார். 1971இல் அங்கே கிளௌதியோ அப்பாதோ நடத்திய 'ஸிமோன் பொக்கனேக்ரா'வில் அவர் பாடிய அமேலியா இன்றைக்கும் பேசப்படுகிறது.

அப்படியானால் கல்லாஸ் பெரியவரா, ஃப்ரேனி பெரியவரா?

இந்தப் போட்டியில் எனக்கு ஆர்வம் இல்லை. கல்லாஸ் அசாதாரணமான பெண்களை மேடைக்குக் கொண்டுவந்தவர், ஃப்ரேனி சாதாரணப் பெண்களை. இரண்டும் வேண்டும்.

பட்டர்ஃப்ளையை மேடையில் பாடவே இல்லை என்பது நிஜமா? படம் இருக்கிறதே?

நிஜம். 'மதாம பட்டர்ஃப்ளை'யை இசைத்தட்டுக்காக இரண்டு முறை முழுசாகப் பாடினார். 1974இல் ஷான் பியேர் போனெல் இயக்கிய படத்திலும் அவர்தான். எதிரில் பிளாசிதோ தொமிங்கோ. ஆனால் மேடையில் ஒருமுறைகூட முழு ஓபராவைச் செய்யவில்லை. உள்ளே நுழைந்ததிலிருந்து கடைசிவரைக்கும் அந்தப் பெண் கிட்டத்தட்ட மேடையை விட்டே போக மாட்டாள், பாடிக்கொண்டே இருப்பாள். அதன் உணர்ச்சிச் சுமையும் அப்படித்தான். ஸ்டூடியோவில் காட்சி காட்சியாகப் பாடி இடையில் ஓய்வெடுக்கலாம். மேடையில் ஒரே மூச்சில் போயாக வேண்டும். அது தன் குரலைத் தின்றுவிடும் என்று அவர் கணித்தார். 'தோஸ்கா' விஷயத்திலும் இதே முடிவுதான், இசைத்தட்டு உண்டு, மேடை இல்லை.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று இருக்கிறது. அவரை உயர்த்திவிட்ட காராயன், பூச்சினியின் 'தூரான்தோ'வில் இளவரசி வேடத்தைப் பாடச் சொல்லிக் கேட்டார். பனிக்கட்டி இளவரசி, கனத்த டிரமாட்டிக் குரலுக்கே சவாலான வேடம். காராயனுக்கு மறுப்புச் சொல்வது அந்தக் காலத்தில் லேசான காரியம் இல்லை. ஃப்ரேனி முடியாது என்று சொல்லிவிட்டார். அதே ஓபராவில் அடிமைப் பெண் லியூவை அழகாகப் பாடியவர் அவர்; எது தன் பாத்திரம் என்று அவருக்குத் தெரியும்.

எப்போதும் ஜாக்கிரதையாகவே இருந்தாரா? துணிந்து எதையும் செய்யவில்லையா?

செய்தார். 1970இல் ஸால்ஸ்பர்க் விழாவில் காராயனோடு 'ஒதெல்லோ'வின் டெஸ்டெமோனா, சில வருடம் கழித்து 'டான் கார்லோ'வின் எலிசபெத்தா, 1979இல் 'ஐடா'. ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் கனம். ஐடா அவருடைய எல்லையைத் தொட்டுவிட்டது என்பது என் அபிப்பிராயம். நைல் நதிக்கரைக் காட்சியின் தனிமையை அபாரமாகப் பாடுவார், கூட்டத்தை மீறி எழ வேண்டிய இடங்களில் குரல் தன் கையிருப்பு முழுவதையும் செலவழிக்கிறது.

எனக்கு ஆச்சரியம் அவருடைய ரஷ்யப் பருவம். 1978இல் பல்கேரியப் பாடகர் நிக்கொலாய் கியாவ்ரோவைத் திருமணம் செய்துகொண்டார். அவர் மாஸ்கோவில் படித்தவர், ஆண் குரல்களில் மிகத் தாழ்ந்த பாஸ் குரல்காரர். ஐம்பதை ஒட்டிய வயதில் ஃப்ரேனி சைக்கோவ்ஸ்கியின் பாத்திரங்களை ரஷ்ய மொழியிலேயே பாட ஆரம்பித்தார். 'யெவ்கேனி ஒனேகின்' ஓபராவில் தத்யானா இரவு முழுக்க உட்கார்ந்து கடிதம் எழுதும் காட்சி நீளமானது, மேடையில் அநேகமாக அவள் மட்டும்தான். எழுதுவாள், கிழிப்பாள், மறுபடியும் எழுதுவாள். ஐம்பது வயதுப் பாடகி அதில் பதின்வயதுப் பெண்ணின் பதற்றத்தைக் குரலில் கொண்டுவந்தார்.

அறுபது வயதில் இளம்பெண் வேடம் பொருத்தமாக இருந்ததா?

1996 பிப்ரவரி 1 அன்று, 'லா போயெம்' அரங்கேறி சரியாக 100 ஆண்டு முடிந்த நாளில், அதே துரின் அரங்கில் ஃப்ரேனியும் பவரோட்டியும் மிமியாகவும் ரோதோல்ஃபோவாகவும் பாடினார்கள். இருவருக்கும் அறுபது. ஒளிப்பதிவு கிடைக்கிறது. மேல் ஸ்வரங்களில் அலைவு சற்று அகன்றிருக்கிறது, பழைய பளபளப்பு குறைந்திருக்கிறது. முதல் பத்து நிமிடம் வயது தெரியும். அப்புறம் தெரியாது. சொல்லைச் சொல்லும் விதம் அப்படியே இருக்கிறது, கண்ணை மூடினால் அந்தப் பூத்தையல்காரி வந்துவிடுகிறாள்.

கடைசியாக மேடையில் பாடியது 2005 ஏப்ரல் 11, வாஷிங்டனில், சைக்கோவ்ஸ்கியின் ஜோன் ஆஃப் ஆர்க் ஓபராவில். 70 வயதில் ஜோனாக நின்றார். அடுத்த மாதம் மெட்ரோபாலிட்டன் அவருக்குப் பாராட்டு விழா எடுத்தது.

பிறகு என்ன செய்தார்? யாருக்காவது கற்றுக்கொடுத்தாரா?

ஓய்வுக்கு முன்பே கற்றுக்கொடுக்கத் தொடங்கிவிட்டார். மோதெனாவுக்குப் பக்கத்தில் உள்ள வின்யோலாவில் கியாவ்ரோவும் அவரும் சேர்ந்து இளம் பாடகர்களுக்காக, பெல்கான்டோ என்ற இத்தாலியப் பாடும் முறையைக் கற்றுத்தரும் ஒரு பள்ளியை ஆரம்பித்தார்கள். 2004இல் கணவர் இறந்த பிறகும் வகுப்புகளை விடவில்லை. 2020 பிப்ரவரி 9 அன்று மோதெனாவிலேயே காலமானார்.

மொழி தெரியாமல் கேட்டால் ரசிக்க முடியுமா?

முடியும். ஆனால் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். கேட்கப்போகும் ஒரு பாட்டின் அர்த்தத்தை மட்டும் முன்கூட்டியே வரிவரியாகப் படித்துவிடுங்கள். முழு ஓபராவின் கதையைவிட அது முக்கியம். எந்த வரியில் சூரியன் வருகிறது, எந்த வரியில் தொப்பி வருகிறது என்று தெரிந்துவிட்டால் அவர் செய்கிற நுணுக்கமெல்லாம் தானாகக் காதில் விழும்.

சரி, எதிலிருந்து தொடங்குவது?

1972இல் பெர்லினில் காராயன் நடத்திய, பவரோட்டியோடு பாடிய 'லா போயெம்' இசைத்தட்டு. அதில் முதல் அங்கத்தின் கடைசி 20 நிமிடம் போதும், கதவு தட்டும் சத்தத்திலிருந்து. முடிவில் இருவரும் மேடைக்கு வெளியே போய்க்கொண்டே பாடுவார்கள்; மிமியின் கடைசி ஸ்வரம் சோப்ரானோவின் உச்ச 'ஸி', நொடிக்கு ஆயிரத்துச் சொச்சம் அதிர்வு. அது தூரத்தில் ஒலிக்க வேண்டியது, ஃப்ரேனி அப்படியே பாடியிருப்பார்.

பார்க்க விரும்பினால் 1965 படம். அல்லது 1988இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பவரோட்டியோடு மேடையில் பாடியபோது எடுத்த ஒளிப்பதிவு. கியாவ்ரோவும் அதில் தத்துவவாதி கொல்லீனேயாகப் பாடுகிறார், நாலாம் அங்கத்தில் மிமிக்கு மருந்து வாங்கத் தன் பழைய கோட்டை விற்கப்போகிறவன் அவன்தான். மிமி பழகிய பிறகு அப்பாதோ நடத்திய 1977 'ஸிமோன் பொக்கனேக்ரா'வுக்குப் போங்கள். அதில் அமேலியாவின் முதல் ஆரியா கடலோரத்தில் விடியும் நேரத்தில் வரும். ஹெட்ஃபோனை விடக் கொஞ்சம் நல்ல ஸ்பீக்கரில் கேட்டால் அந்தக் குரலின் நடு ஸ்தாயி முழுசாகக் கிடைக்கும். தத்யானாவின் கடிதக் காட்சியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஜேம்ஸ் லெவைன் நடத்திய 1987 பதிவு.